வாசகர் கேள்வி – பதில்: கென்ஷிரோவா, அகுயியா? (2025 மார்ச் 13 சண்டைக்கு முன் எழுதியது)

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குத்துச்சண்டையைப் பற்றியவை. 2025 மார்ச் 13 அன்று டோக்கியோவின் ரியோகோகு கொகுகிகான் அரங்கில் ஃப்ளைவெயிட் பிரிவின் இரண்டு உலகச் சாம்பியன்கள் மோதுகிறார்கள். உலகப் பட்டம் வழங்கும் நான்கு குத்துச்சண்டை அமைப்புகளில், டபிள்யூ.பி.சி.யின் பட்டம் சண்டைக்கு முன் கென்ஷிரோ தெராஜியிடமும் டபிள்யூ.பி.ஏ.யின் பட்டம் செய்கோ யூரி அகுயியிடமும் இருந்தன. வெல்பவர் இரண்டு பட்டங்களோடும் ஊர் திரும்புவார். கென்ஷிரோ அதுவரை 25 சண்டைகளில் ஒன்றில் மட்டுமே தோற்றவர். அகுயி 24 சண்டைகளில் 21 வெற்றி, இரண்டு தோல்வி, ஒரு சமன் என்ற கணக்கோடு வருகிறார். மற்ற விளையாட்டுகள் குறித்த கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக இந்தச் சண்டைக்கே கொடுத்திருக்கிறேன்.

நானும் என் தம்பியும் பத்து நாட்களாக இதே பேச்சாக இருக்கிறோம். நான் கென்ஷிரோ பக்கம். தம்பி ஒரு கணக்குச் சொல்கிறான்: 2018-இல் அகுயி, மசமிச்சி யபுகியை முதல் சுற்றிலேயே சாய்த்தார், அதே யபுகி 2021-இல் கென்ஷிரோவைச் சாய்த்தார், ஆகவே அகுயிக்கு முன் கென்ஷிரோ நிற்க முடியாது என்கிறான். இந்தக் கணக்கில் எங்கே ஓட்டை?
— வாசகர், வியாசர்பாடி

உங்கள் தம்பி சொல்லும் இரண்டு செய்திகளும் உண்மைதான். மூன்றாவது ஒன்றை அவர் விட்டுவிட்டார். 2022 மார்ச்சில் கியோட்டோவில் நடந்த மறு சண்டையில் கென்ஷிரோ அதே யபுகியை மூன்றாவது சுற்றில் நாக் அவுட் செய்து, இழந்த பட்டத்தை மீட்டார். உங்கள் தம்பி விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்ந்தால் விடை தலைகீழாகிவிடும். நீங்களும் உங்கள் பங்குக்கு, 2017-இல் ஜுன்டோ நகடானி அகுயியை ஆறாவது சுற்றில் வீழ்த்தியதை எடுத்துப் பேசலாம்; அதுவும் இதே பிழையைத்தான் செய்யும். அந்த வயதில் நகடானியிடம் தோற்ற ஒருவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நகடானி பின்னர் மூன்று எடைப்பிரிவுகளில் உலகச் சாம்பியனானவர்.

ஆனாலும் உங்கள் தம்பியின் வாதத்தை முற்றிலும் ஒதுக்கிவிடாதீர்கள். யார் யாரை வென்றார் என்பதை விட்டுவிட்டு, எப்படி வென்றார் என்று பாருங்கள். 2021 செப்டம்பரில் யபுகியோடு மோதுவதற்கு முந்தைய மாதம் கென்ஷிரோவுக்குக் கொரோனா தொற்று ஏற்பட்டுச் சண்டை சில நாட்கள் தள்ளிப்போனது. அதைக் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு; எனக்கு அது பாதிக் காரணமாகவே தோன்றுகிறது. அன்றுவரை கென்ஷிரோவின் பாணி, துள்ளித் துள்ளி முன்னே வந்து இடது கையால் ஒரு ஜாப் (நேராக வீசும் விரைவுக் குத்து) கொடுத்துவிட்டு, எதிராளி திருப்பிக் குத்துவதற்குள் எட்டாத தூரத்துக்கு விலகிவிடுவது. யபுகி அந்த ஜாபுக்குப் பின்வாங்கவில்லை. அது வரும் நேரத்தைக் கணித்து, அதன் மேலாகவே தன் வலது கையை வீசினார். இடையில் அறிவிக்கப்பட்ட புள்ளிகளில் தான் பின்தங்கியிருப்பதை அறிந்த கென்ஷிரோ, பழக்கமில்லாத நெருக்கத்துக்குள் போய் அடித்து ஆடினார். பத்தாவது சுற்றில் கயிற்றோரம் நடுவர் சண்டையை நிறுத்தும்படி ஆயிற்று.

ஜாபுக்கு அஞ்சாமல் உள்ளே வந்து வலது கையை நேராகச் செலுத்துவது யபுகிக்கு மட்டும் கைவந்த வித்தை அல்ல. அகுயியின் ஆட்டம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. உங்கள் தம்பி பிடித்திருக்கும் நூல் சரியான நூல்தான். அதைக் கொண்டு அவர் போடும் முடிச்சுதான் அவசர முடிச்சு.

ஐம்பது கிலோ எடையுள்ள இருவர் அடித்துக்கொள்வதில் என்ன இருக்கிறது? குத்துச்சண்டை என்றால் ஹெவிவெயிட் மட்டுமே என்று என் அலுவலகத்தில் எல்லோரும் சொல்கிறார்கள்.
— வாசகி, கோயம்புத்தூர்

ஃப்ளைவெயிட் பிரிவின் எல்லை 112 பவுண்டு, அதாவது 50.8 கிலோ. லண்டனின் நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் 1909-இல் இந்த எல்லையை வகுத்தது. இந்தப் பிரிவின் முதல் உலகச் சாம்பியனாக 1916 முதல் போற்றப்படும் ஜிம்மி வைல்ட், தெற்கு வேல்ஸின் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அந்த 112 பவுண்டைக்கூட அவர் எட்டியதில்லை. பெரும்பாலும் 108-க்கும் கீழேதான் இருந்தார். தம்மைவிடப் பத்துப் பதினைந்து பவுண்டு கூடுதலான ஆட்களை அவர் வரிசையாக நாக் அவுட் செய்திருக்கிறார். 1923 ஜூனில் நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் அவரை ஏழாவது சுற்றில் வீழ்த்தியவர் பிலிப்பைன்ஸைச் சேர்ந்த பாஞ்சோ வில்லா. ஆசியாவிலிருந்து எழுந்த முதல் உலகச் சாம்பியன் அவர்தான். இரண்டே ஆண்டுகளில், பல்லில் ஏற்பட்ட தொற்று பரவி, 23 வயதில் சான்பிரான்சிஸ்கோவில் அவர் உயிர் பிரிந்தது. அதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

எடை குறைந்தால் அடியின் வலு குறையும் என்பது உண்மைதான். ஆனால் அடிவாங்கும் உடலும் அதே அளவுக்குச் சிறியது என்பதை உங்கள் அலுவலக நண்பர்கள் மறந்துவிடுகிறார்கள். ஹெவிவெயிட்டில் ஏழாம் எட்டாம் சுற்றுக்கு மேல் பெரும்பாலும் கைகள் தளர்ந்து, ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து நிற்கும் காட்சி வந்துவிடும்; ஃப்ளைவெயிட்டில் பன்னிரண்டாவது சுற்று சில நேரங்களில் முதல் சுற்றைவிட வேகமாக ஓடும். 2024 அக்டோபரில் கென்ஷிரோ, கிறிஸ்டோபர் ரோசாலஸை எதிர்கொண்டு பட்டம் வென்ற சண்டையின் பிற்பகுதியை அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். ஜாப் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இடத்தில் விழுந்து விழுந்து, ரோசாலஸின் மூக்கிலிருந்து இரத்தம் நிற்காமல் வழிய, பதினோராவது சுற்றில் மருத்துவர் பார்த்துவிட்டுச் சண்டையை நிறுத்தினார். ஒரே அடியில் விழுத்தாட்டும் கை அங்கே தேவைப்படவில்லை.

நான்கு அமைப்புகள், நான்கு சாம்பியன்கள் என்றால் உண்மையான உலகச் சாம்பியன் யார்?
— வாசகர், திருநெல்வேலி

2025 மார்ச் தொடக்க நிலையில் ஒருவரைச் சுட்டிச் சொல்ல முடியாது. மற்ற இரண்டு அமைப்புகளில், டபிள்யூ.பி.ஓ. பட்டம் அமெரிக்காவின் அந்தோணி ஓலாஸ்குவாகாவிடமும், ஐ.பி.எஃப். பட்டம் மெக்சிகோவின் ஆங்கல் அயாலாவிடமும் அப்போது இருந்தன. ஓலாஸ்குவாகாவும் அதே மார்ச் 13 அன்று அதே மேடையில் ஹிரோட்டோ கியோகுச்சியை எதிர்கொள்கிறார். அயாலா மார்ச் 29 அன்று ஜப்பானுக்கே வந்து மோதவிருப்பது, முதல் கேள்வியில் வந்த அதே யபுகியோடு. கென்ஷிரோ 2023-இல் ஓலாஸ்குவாகாவை ஒன்பதாவது சுற்றில் வீழ்த்தியவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 2025 மார்ச் முடிவில் ஃப்ளைவெயிட்டின் திசை ஓரளவு தெளிவாகிவிடும். ஒரு சண்டையில் இரண்டு பட்டங்கள் ஒரே கைக்கு வருவதை நான் மனதார வரவேற்கிறேன். பட்டங்களைப் பிரித்து வைத்து வலுவற்ற எதிராளிகளோடு காலம் கடத்தும் வழக்கத்தை இந்த இருவருமே தேர்ந்தெடுக்கவில்லை.

மேரி கோம் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றதும் ஃப்ளைவெயிட்தானே? இரண்டும் ஒன்றா?
— வாசகி, தூத்துக்குடி

பெயர் ஒன்று, எல்லை ஏறக்குறைய ஒன்று. மேரி கோம் மோதியது 51 கிலோ பிரிவு. சண்டையின் தன்மைதான் முற்றிலும் வேறு. ஒலிம்பிக்கில் ஒரு சண்டை பத்து நிமிடங்களுக்குள் முடிந்துவிடும்; சில நாட்களுக்குள் பலரோடு மோத வேண்டும். தொழில்முறை உலகப் பட்டச் சண்டை மூன்று நிமிடச் சுற்றுகள் பன்னிரண்டு, 36 நிமிடங்கள், ஒரே ஒரு எதிராளி. அங்கே வேகமாகத் தொட்டுப் புள்ளி சேர்ப்பவர், இங்கே பத்தாவது சுற்றில் மூச்சு வாங்கக் கூடும். ஒலிம்பிக் வீரர்கள் தொழில்முறைக்கு வந்ததும் முதலில் பயில வேண்டியிருப்பது வலுவைச் சேமித்துச் செலவிடும் சிக்கனம்.

அகுயி 2024 அக்டோபரில் தாய்லாந்து வீரர் தனன்சாயை, மூன்று நடுவர்களில் இருவர் மட்டுமே ஆதரித்த பிளவுத் தீர்ப்பில்தான் வென்றார். அதே இரவில் அதே மேடையில் கென்ஷிரோ ரோசாலஸை நொறுக்கினார். இருவரின் தரம் அன்றே தெரிந்துவிடவில்லையா?
— வாசகர், சேலம்

அப்படியானால் அதே ஆண்டு ஜனவரி 23 அன்று ஒசாகாவில் என்ன நடந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். அன்றும் இருவரும் ஒரே மேடையில் மோதினார்கள். ஆறு ஆண்டுகளாக டபிள்யூ.பி.ஏ. பட்டத்தைத் தோல்வியே அறியாமல் காத்துவந்த உக்ரைனின் ஆர்டெம் டலாக்கியனை அகுயி ஒருமனதான தீர்ப்பில் வென்று சாம்பியனானார். கென்ஷிரோவோ, ஒரு படி சிறிய பிரிவான லைட் ஃப்ளைவெயிட்டில் கார்லோஸ் கனிசாலஸை இரண்டாவது சுற்றில் வீழ்த்தி, மூன்றாவது சுற்றில் தானே கீழே விழுந்து, இரண்டு நடுவர்கள் 114-112 என்றும் ஒருவர் 113-113 என்றும் எழுதிய மிக நெருக்கமான தீர்ப்பில் தப்பினார். அன்றைய இரவை மட்டும் பார்த்தவர் தரத்தில் அகுயியே மேல் என்று எழுதியிருப்பார்.

ஓர் இரவின் ஆட்டத்தை அந்த இரவின் எதிராளியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். டலாக்கியன் பின்வாங்கியும் விலகியும் ஆடுபவர். அகுயி கைகளை உயர்த்தித் தாடையை மறைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், ஒவ்வோர் அடியாக முன்னே நடந்து அவரைக் கயிற்றுக்குத் தள்ளிக்கொண்டே போனார். தனன்சாய் பின்வாங்காமல் நின்று எண்ணிக்கையில் அதிகமான குத்துகளைத் திருப்பி அனுப்பியபோது, அகுயியின் அந்த நடை தடைபட்டது. ஒரு குத்துக்கும் அடுத்ததற்கும் இடையே அவர் எடுத்துக்கொள்ளும் நேரம் நடுவர்களின் கண்ணில் பட்டது. கென்ஷிரோ அணி இதைக் கட்டாயம் குறித்து வைத்திருக்கும். உங்கள் கடிதத்தில் எனக்கு உடன்பாடான பகுதி இது ஒன்றுதான்.

கென்ஷிரோவின் அப்பாவும் குத்துச்சண்டை வீரர் என்று படித்தேன். அப்படியானால் இவர் ஏன் இவ்வளவு சிறிய பிரிவில் இருக்கிறார்?
— பள்ளி மாணவர், ஈரோடு

கேட்க வேண்டிய கேள்விதான், தம்பி. அப்பா ஹிசாஷி தெராஜி ஜப்பானின் மிடில்வெயிட் சாம்பியனாகவும், கிழக்காசிய-பசிபிக் அளவில் லைட் ஹெவிவெயிட் சாம்பியனாகவும் இருந்தவர். மிடில்வெயிட் எல்லை 72.5 கிலோ. மகன் 2017-இல் முதல் உலகப் பட்டம் வென்றபோது அவருடைய பிரிவின் எல்லை 49 கிலோவுக்கும் குறைவு. உடல்வாகு அப்பா கேட்டபடி அமைவதில்லை. 2025-இலும் கென்ஷிரோ சார்ந்திருப்பது அப்பா நடத்தும் பயிற்சிக்கூடத்தைத்தான். பயிற்சி எடுப்பதோ டோக்கியோவில், கென்டா கட்டோ என்ற பயிற்சியாளரிடம். யபுகியிடம் தோற்ற பிறகு, துள்ளும் ஆட்டத்தை விட்டுவிட்டுக் காலை ஊன்றி முன்னே போய் நெருக்கும் ஆட்டத்துக்குக் கென்ஷிரோ மாறியது அவருடைய துணையோடுதான். முப்பது வயதில் தன் ஆட்டத்தையே மாற்றிக்கொண்டு, அதன் பிறகு முன்னிலும் வலுவாக வந்தவர்கள் குத்துச்சண்டையில் மிகச் சிலரே.

ஜப்பானியர்களுக்குச் சிறிய எடைப்பிரிவுகளின் மேல் ஏன் இத்தனை பற்று?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

அதற்கு 1952 மே 19-க்குப் போக வேண்டும், ஐயா. போரில் தோற்ற ஜப்பானில் நேச நாடுகளின் ஆட்சி முடிவுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. டோக்கியோவின் கொரகுவென் பேஸ்பால் மைதானத்தில் திறந்தவெளியில் மேடை போட்டு, பல்லாயிரம் பேர் பார்த்திருக்க, யோஷியோ ஷிராய் என்பவர் ஹவாயின் டாடோ மரினோவை வென்று ஃப்ளைவெயிட் சாம்பியனானார். ஜப்பானின் முதல் உலகக் குத்துச்சண்டைச் சாம்பியன் அவர்தான். போருக்குப் பின் உடல் நலிந்து, இனிச் சண்டை போட முடியாது என்ற நிலையில் இருந்த ஷிராயைத் தற்செயலாகப் பயிற்சிக்கூடத்தில் கண்டு, தன் பணத்தில் நல்ல உணவு கொடுத்து, புதிய ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்து ஆளாக்கியவர் ஆல்வின் கான். அவர் ஆக்கிரமிப்பு நிர்வாகத்தில் பணியாற்ற வந்த அமெரிக்க உயிரியல் அறிஞர். நேற்றுவரை பகை நாடாக இருந்த ஒன்றின் மனிதர், பசித்துக் கிடந்த ஓர் இளைஞனுக்குச் சோறு போட்டு வளர்த்தார் என்பதை ஜப்பானியர்கள் இன்றும் மறக்கவில்லை.

ஷிராய் 1954-இல் அர்ஜென்டினாவின் பாஸ்குவல் பெரஸிடம் பட்டத்தை இழந்தார். ஒலிம்பிக் தங்கம் வென்றவரான பெரஸ், ஐந்தடி உயரம்கூட இல்லாதவர். அவரை 1960-இல் பாங்காக்கில் வென்று தாய்லாந்தின் முதல் உலகச் சாம்பியனானவர் போன் கிங்பெட்ச். அந்தக் கிங்பெட்சை 1962 அக்டோபரில் பதினோராவது சுற்றில் மூலையில் வைத்துத் தொடர்ந்து குத்தி உட்கார வைத்தவர் 19 வயது ஃபைட்டிங் ஹரதா. இவ்வாறு ஜப்பானின் முதல் இரண்டு உலகச் சாம்பியன்களும் ஃப்ளைவெயிட்டில்தான் தோன்றினார்கள். பெரிய உடல்களின் நாடுகளோடு சமமாக நின்று வெல்லக் கிடைத்த வாசல் அதுவாக இருந்ததால், அந்த வாசலை அவர்கள் சிறியதாகக் கருதியதே இல்லை.

ஹரதா வென்றது குரமாயே கொகுகிகானில். அது சுமோ மல்யுத்தத்தின் அரங்கம். அதன் வழித்தோன்றலாக 1985-இல் திறக்கப்பட்டதுதான் இந்த மார்ச் 13 சண்டையின் களமான ரியோகோகு கொகுகிகான். நூற்றைம்பது கிலோ உடல்கள் மோதும் கூரையின் கீழ், ஐம்பது கிலோக்காரர்கள் இருவர் தலைமைச் சண்டை போடப் போகிறார்கள். மார்ச் மாதச் சுமோ போட்டி ஒசாகாவில் நடப்பது வழக்கம் என்பதால் டோக்கியோ அரங்கம் இவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. சுமோ வீரர்கள் அந்த நாட்களில் மோதும் ஒசாகா அரங்கமோ, அகுயி பட்டம் வென்ற அதே அரங்கம்.

அகுயி பெருநகரப் பயிற்சிக்கூடங்களுக்குப் போகாமல் சொந்த ஊரிலேயே இருந்து சாம்பியனானவர் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். ஆனால் அதுவே அவருக்குப் பலவீனமாக இருக்குமோ?
— பயிற்சியாளர், வட சென்னை

உங்கள் பிரியம் எனக்குப் புரிகிறது; சிறிய கூடத்தில் பிள்ளைகளைத் தயார் செய்பவருக்கு அகுயியைப் பிடிக்காமல் போனால்தான் வியப்பு. ஒகயாமா மாவட்டத்தின் குரஷிக்கி ஊரிலுள்ள மொரியாசு பயிற்சிக்கூடத்தில் வளர்ந்து, அந்த மாவட்டத்துக் கூடம் ஒன்றிலிருந்து உலகப் பட்டம் வென்ற முதல் வீரர் என்ற பெயரைப் பெற்றவர் அவர். டோக்கியோவில் ஒரே தெருவில் கிடைக்கும் பயிற்சித் துணையை, ஒகயாமாவிலிருந்து இரயில் ஏறித் தேடிப் போக வேண்டியிருக்கும் என்பது உண்மையான குறை. ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்ததுபோல் அடிப்படைகள் அவரிடம் அப்படியே பதிந்திருக்கின்றன. குத்திய வலது கை நேராகத் தாடைக்குத் திரும்பி வந்துவிடுகிறது. பத்தாவது சுற்றிலும் அது இடுப்புக்கு இறங்குவதில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு அகுயியின் சண்டையைக் காட்டும்போது, அடி விழும் இடத்தை விட்டுவிட்டு, அடித்த கை எங்கே திரும்புகிறது என்பதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: யார் வெல்வார்?
— பல ஊர்களிலிருந்து பலர்

கென்ஷிரோ, புள்ளிகளில். நாக் அவுட் வரும் என்று நான் நம்பவில்லை. இந்தச் சண்டைக்கு முன் அகுயி கடைசியாகத் தோற்றது 2018-இல்; அதன் பிறகு அவர் தற்காப்பு இறுகியிருக்கிறதே தவிரத் தளர்ந்ததில்லை. 2025 மார்ச்சில் கென்ஷிரோவுக்கு 33 வயது, அகுயிக்கு 29. நான்கு வயது இடைவெளி இந்தப் பிரிவில் சிறியதல்ல. முதல் நான்கு சுற்றுகளில் அகுயி முன்னிலை பெற்றால் எனக்கு ஆச்சரியம் இருக்காது. இளவயதில் முதல் சுற்று நாக் அவுட்டுகளால் பெயர் பெற்றவர் அவர். ஜப்பானிய தேசியப் பட்டத்தையே 2019-இல் முதல் சுற்றில்தான் கைப்பற்றினார். ஆனால் குத்துகளின் எண்ணிக்கையிலும், ஜாபை உயரம் மாற்றி மாற்றி, ஒன்றைத் தலைக்கும் அடுத்ததை வயிற்றுக்கும் அனுப்புவதிலும் கென்ஷிரோ ஒரு படி மேலே இருக்கிறார். தனன்சாய் காட்டிய வழியை அவரைவிடத் திறமையாகப் பின்பற்றக் கூடியவர் கென்ஷிரோ. கைகள் உயர்ந்திருக்கும் எதிராளியின் வயிறு திறந்திருக்கும். ஆறாவது சுற்றுக்குப் பின் அந்தக் குத்துகளின் விளைவு தெரியத் தொடங்கும் என்பது என் கணிப்பு.

நேரலையில் பார்ப்பவர்கள் முதல் மூன்று நிமிடங்களுக்குக் கைகளை விட்டுவிட்டுக் கென்ஷிரோவின் இடது காலைக் கவனியுங்கள். ஜாப் போகும் அதே நொடியில் அந்தக் கால் அரையடி முன்னே ஊன்றி அங்கேயே நின்றால், அவர் தன் தூரத்தைக் கண்டுகொண்டார் என்று பொருள். ஜாப் போட்ட உடனே அந்தக் கால் பின்னுக்கு இழுக்கப்பட்டால், அகுயியின் வலது கை அவரை அச்சுறுத்தத் தொடங்கிவிட்டது. வியாசர்பாடித் தம்பி அந்த நேரத்தில் அண்ணனைப் பார்த்துச் சிரிக்கலாம்.